எண்ணெய் திருப்பும் சக்கரம்

சித்திரையில் கண்மாய்கள் வறண்டதும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஜேசிபிக்கு வேலை வந்துவிடும். வண்டல் அள்ள வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும், வரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டும். மழை இறங்கும்வரை அந்த வண்டிக்கு ஓய்வில்லை. வேடிக்கை பார்க்க நிற்பவர்களின் கண் மண்ணைத் தோண்டும் இரும்புக் கையிலேயே இருக்கும். ஆபரேட்டரின் இடது கையை யாரும் கவனிப்பதில்லை. ஸ்டீயரிங்கின் மேல் பொருத்திய சிறு குமிழைப் பிடித்து, ஒரே கையால் அவர் வண்டியைச் சுழற்றிக்கொண்டிருப்பார். வலது கை பக்கெட்டின் லீவரில் இருக்கும். ஏழரை டன் வண்டியை ஒற்றைக் கையால் ஒடிக்க முடிவது எப்படி?

நம் ஊரில் மண் அள்ளும் மஞ்சள் வண்டி எல்லாவற்றுக்கும் ஜேசிபி என்றுதான் பெயர். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் 1945இல் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம் அது. முன்னால் அகலமான பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட பேக்ஹோ லோடரை அந்த நிறுவனம் 1953இல் செய்தது. 1979இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து டெல்லிக்கு அருகில் பல்லப்கரில் தயாரிப்பைத் தொடங்கியது. பேக்ஹோ லோடருக்கு அண்ணன் முறை உள்ள இன்னொரு வண்டியும் உண்டு. கிரஷர்களில் ஜல்லியையும் எம்-சாண்டையும் டிப்பரில் கொட்டுகிற வீல் லோடர் அது.

பாரம் முன்னால் விழும்போது

பேக்ஹோ லோடரின் முன் பக்கெட் சுமார் ஒரு கன மீட்டர் கொள்ளும். ஈர வண்டல் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் எடை வரும். அந்த எடை முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. அதனால் முன் சக்கரங்கள் அள்ளிய மண்ணை மட்டும் சுமப்பதில்லை. நெம்புகோல் கணக்கில் பின் அச்சிலிருந்தும் ஒரு பங்கு எடை முன்னால் வந்து சேருகிறது. வண்டியைத் திருப்புவதும் அதே முன் சக்கரங்கள்தான். டயர் பாதி மண்ணில் புதைந்து, வண்டி நகராமல் நிற்கும்போது அவற்றை ஒடிக்க டன் கணக்கில் விசை வேண்டும்.

இரும்புத் தண்டும் பல்சக்கரமும் மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். பல்சக்கர விகிதத்தைக் கூட்டக் கூட்ட ஸ்டீயரிங் லேசாகும், ஆனால் சுற்ற வேண்டிய சுற்றுகள் பெருகிக்கொண்டே போகும். டிப்பருக்கும் மண் குவியலுக்கும் இடையே நாளெல்லாம் முன்னும் பின்னும் ஓடுகிற வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் லாரி ஓட்டியவர்களின் தோளையும் மணிக்கட்டையும் கேட்டால் மீதிக் கதையைச் சொல்லும். நம் நாட்டு லாரிகளில் பவர் ஸ்டீயரிங்கை அசோக் லேலண்ட் 1969இல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் அதை 1926லேயே செய்து காட்டிவிட்டார். ஆனாலும் விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பெற 1951 ஆகிவிட்டது. அந்தக் கார் கிரைஸ்லர் இம்பீரியல்.

தண்டு இல்லாத ஸ்டீயரிங்

காரிலும் லாரியிலும் பவர் ஸ்டீயரிங் ஓட்டுநருக்குத் துணைதான் செய்கிறது. எண்ணெய் அழுத்தம் போய்விட்டாலும் ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம்வரை இரும்புத் தொடர்பு அறுவதில்லை. லோடரின் கதை வேறு. ஆபரேட்டரின் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே தண்டே கிடையாது, ரப்பர் ஹோஸ்களும் அவற்றுக்குள் எண்ணெயும்தான் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் பறக்கும் வண்டிக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. நம் மோட்டார் வாகன விதிகளில் கட்டுமான இயந்திர வாகனத்தின் சாலை வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இருப்பதால் இங்கே ஒத்துவருகிறது.

இதன் அடிப்படையை 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் கண்டு சொன்னார். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பது அவர் விதி. ஒரு கணக்குப் போட்டால் அதன் பலம் புரியும். உள்விட்டம் 65 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 33 சதுர சென்டிமீட்டர். அதில் 150 பார் அழுத்தத்தில் எண்ணெய் ஏறினால் பிஸ்டனைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 5 டன். உள்ளங்கைக்குள் அடங்கும் பரப்பிலிருந்து இவ்வளவு விசை கிடைக்கிறது.

விசை கிடைத்தால் போதாது, அது அளவாகவும் கிடைக்க வேண்டும். ஆபரேட்டர் கால் சுற்று சுற்றினால் சக்கரம் அதற்கேற்றபடி மட்டும் திரும்பி நிற்க வேண்டும். அந்த அளவை வைத்திருப்பது ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள ஆர்பிட்ரால் யூனிட். அமெரிக்காவின் மினியாபொலிஸில் லின் சார்ல்சன் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1960களில் உலகெங்கும் பரவியது. இதில் ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு உருளைகள் சேர்ந்து வால்வாகின்றன. வால்வுக்குக் கீழே ஒரு பல்சக்கர இணை இருக்கிறது. வெளியே அசையாத வளையத்தில் 7 பற்கள், உள்ளே சுழலும் சக்கரத்தில் 6 பற்கள். ஒரு பல் குறைவதால் உள்சக்கரம் மையம் விலகி உருளும். அப்படி உருளும்போது பற்களுக்கு இடையிலுள்ள அறைகள் மாறிமாறி நிறைந்து காலியாகும். ஒரு முழுச் சுற்றுக்குள் இது 42 முறை நடக்கும். களத்து நெல்லைப் படியால் அளந்து போடுவதைப் போல எண்ணெயை இந்த இணை அளந்து அளந்து சிலிண்டருக்கு அனுப்புகிறது.

ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் உள் உருளை சற்று முந்திக்கொள்ளும். வழி திறக்கும், பம்பிலிருந்து வரும் எண்ணெய் பல்சக்கர இணைக்குள் நுழைந்து அதைச் சுழற்றிவிட்டு சிலிண்டருக்குப் போகும். சுழலும் இணை வெளி உருளையையும் கூடவே திருப்பும். கை நின்றதும் வெளி உருளை உள் உருளையை எட்டிப் பிடித்துவிடும், வழி மூடிக்கொள்ளும், சக்கரம் அங்கேயே நிற்கும். ஒரு சுற்றுக்கு 160 மில்லிலிட்டர் அளக்கும் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக 640 மில்லிலிட்டர் எண்ணெய் தேவையென்றால் ஸ்டீயரிங்கை நான்கு சுற்று சுற்ற வேண்டும்.

எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டால் இதே இணை கைப்பம்பாக மாறிவிடும். ஆபரேட்டர் தன் பலத்தால் அதைச் சுழற்றி எண்ணெயைத் தள்ளலாம். ஸ்டீயரிங் இறுகிப்போகும், ஆனால் வண்டியை ஓரங்கட்டிவிடலாம். அந்த அளவுக்குக் கைப்பலம் போதாத பெரிய வீல் லோடர்களில் இதற்கென்றே இன்னொரு பம்ப் வைப்பதுண்டு.

பக்கெட்டைத் தூக்குவதற்கும் சக்கரத்தைத் திருப்புவதற்கும் எண்ணெய் ஒரே இடத்திலிருந்து வரும் வண்டிகளில் பங்கீட்டுக்கு ஒரு வால்வு இருக்கிறது. ஆபரேட்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் ஸ்டீயரிங்குக்குத்தான் முதல் பங்கு. பக்கெட் மெதுவாக எழுந்தால் வேலைதான் கொஞ்சம் தாமதமாகும். கண்மாய்க் கரைமேல் போகும்போது ஸ்டீயரிங் கேட்காமல் போனால் வண்டி உள்வாயில் உருண்டுவிடும்.

இடுப்பில் மடங்கும் வண்டி

வீல் லோடரில் சக்கரங்கள் ஒடிவதில்லை. வண்டியே நடுவில் மடங்குகிறது. முன் சட்டமும் பின் சட்டமும் தடித்த பின்களால் இணைந்திருக்கும். இருபுறமும் ஒவ்வொரு சிலிண்டர். ஒன்று நீளும்போது மற்றது சுருங்கும், வண்டி பக்கத்துக்கு ஏறக்குறைய 40 பாகைவரை வளையும். பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்திலேயே வருவதால் குவாரியின் குறுகிய பாதையில் இடம் மிச்சமாகும். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் மும்முரமாக இயங்கிய காலத்தில் பெரிய கற்பாளங்களை நகர்த்தியதும் இந்த வகை வண்டிகள்தான்.

இந்த மடிப்பில் ஆபத்தும் இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒருவர் நின்றால் ஆபரேட்டரின் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஸ்டீயரிங் லேசாக அசைந்தாலும் டன் கணக்கான விசை அந்த இடைவெளியை மூடிவிடும். கிரீஸ் வைக்கப் போகிறவர் முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, சட்டங்களைப் பிணைக்கும் பூட்டுத் தண்டை மாட்ட வேண்டும். எவ்வளவு அவசரமென்றாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

தூசியும் வெயிலும்

ஆர்பிட்ராலின் இரு உருளைகளுக்கு இடையிலுள்ள சந்து சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிரஷர் தூசியோ திருமங்கலம் பக்கத்துக் கரிசல் புழுதியோ எண்ணெயில் கலந்தால் அந்தச் சந்தைக் கீறி அகலமாக்கிவிடும். அதன்பின் அளந்து போக வேண்டிய எண்ணெய் அளவுக்கு வெளியே கசியும். அக்னி நட்சத்திர வெயிலில் எண்ணெய் இளகி நீர்த்துப்போவதால் கசிவு இன்னும் கூடும். தயாரிப்பாளர் சொன்ன தரத்து எண்ணெயையும் ஃபில்டரையும் விட்டு விலை குறைந்ததைப் போடுகிறவர் மிச்சம் பிடிக்கும் பணம், பின்னால் பம்புக்கும் யூனிட்டுக்கும் பல மடங்காகப் போய்விடும்.

ஸ்டீயரிங் நோயை முன்கூட்டியே சொல்லும். வழக்கத்தைவிட அதிகச் சுற்று சுற்ற வேண்டியிருந்தால் சிலிண்டர் சீல் அல்லது ஆர்பிட்ரால் தேய்ந்திருக்கலாம். பக்கெட்டும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து தளர்ந்தால் பம்பைப் பார்க்க வேண்டும். பக்கெட் நன்றாகத் தூக்கி, ஸ்டீயரிங் மட்டும் இறுகினால் பங்கீட்டு வால்வைச் சந்தேகிக்கலாம். எண்ணெய் நுரைத்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது.

ஹோஸில் ஊசிமுனைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் புள்ளி அளவில்தான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். ஆனால் உடனே அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை இறக்கிய பிறகு ஹோஸைத் தொடலாம். கசிவு எங்கே என்று பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

கண்மாய் வேலைக்கு வண்டி அமர்த்தும் ஊர்க்காரர்கள் மணிக்கு எவ்வளவு வாடகை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள், ஹோஸ் எப்படி இருக்கிறது, ஸ்டீயரிங் சரியாகக் கேட்கிறதா என்றும் கேட்க வேண்டும். கரைமேல் அந்த வண்டியை ஓட்டப்போகிறவர் ஒரு குடும்பத்தின் பிள்ளை. அவர் கையில் இருக்கும் குமிழுக்குப் பின்னால் தண்டு கிடையாது, சுத்தமான எண்ணெய்தான் இருக்க வேண்டும். அதை உறுதிசெய்வது வண்டி முதலாளியின் கடமை. வேலை கொடுக்கும் ஊருக்கும் அதில் பங்கு உண்டு.