பட்டி மாடும் மாட்டுப் பட்டியும்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவனைப் 'பட்டி' என்று திட்டினால் வீடு தங்காதவன், கண்ட இடத்தில் மேய்கிறவன் என்று பொருள். பட்டி மாடு என்றால் கட்டுத்தறிக்கு அடங்காமல் அடுத்தவன் வயலில் வாய் வைக்கிற மாடு. அதைப் பிடித்துக்கொண்டு போய் அடைக்கிற இடத்துக்கும் பட்டி என்றுதான் பெயர். ஓடுவதற்கும் அடைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் குழம்பாமல் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

எது முந்தியது? அடைப்புதான் முந்தியது என்பது என் எண்ணம். கன்னடத்தில் ஹட்டி என்றால் மாட்டுக்கொட்டில், ஆயர் குடியிருப்பு. நீலகிரியில் படகர்கள் தங்கள் ஊரையே ஹட்டி என்கிறார்கள். மதுரை, திண்டுக்கல் பக்கம் திரும்பிய இடமெல்லாம் பட்டி என்று முடியும் ஊர்கள். காவிரிப் படுகையில் பெரும்பாலும் குடி, நல்லூர், மங்கலம், சேரிதான். வல்லத்தைத் தாண்டி மேட்டாங்காட்டில் ஏறிய பிறகுதான் செங்கிப்பட்டி போன்ற பெயர்கள் கண்ணில் படும். ஆட்டையும் மாட்டையும் நம்பிய மேட்டு நிலத்தில் பட்டி ஊராக வளர்ந்தது. நெல்லை நம்பிய பள்ளத்தில் அது வசைச்சொல் ஆனது.  

நெல் நாட்டுக்காரர்களுக்கு மாட்டின் மேல் ஏன் அவ்வளவு கோபம்? இங்கே நிலத்தை அளந்தது வேலிக் கணக்கில். இருபது மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். பெயரில்தான் வேலி, வயலைச் சுற்றி இருப்பது ஒற்றை வரப்பு. கதிருக்கும் மாட்டுக்கும் நடுவே நின்றது ஒரு சிறுவன், பெரும்பாலும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. மாடு பட்டி மேய்ந்தால் முதல் அடி அவனுக்கு. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, பெரியவர்களின் கூலியும் வேலையும் அதில் பேசப்பட்டன. மாடு மேய்த்த பையன்களின் முதுகைப் பற்றி எந்தச் சட்டமும் பேசியதாகத் தெரியவில்லை.

திருட்டு மாட்டுக்குத் தொண்டுக்கட்டை கட்டுவார்கள். கழுத்திலிருந்து கயிற்றில் தொங்கும் முழநீளக் கட்டை. நடந்தால் பரவாயில்லை, ஓடினால் முன்னங்கால் முட்டியில் இடிக்கும். அதற்கும் அடங்காத மாடு இருக்கிறது. "எவன் மாடுய்யா இது?" என்ற சத்தம் கேட்டால் அடுத்து அது போய்ச் சேருமிடம் பட்டி, வெள்ளைக்காரன் பேச்சில் பவுண்டு. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் இதற்கு விலைப்பட்டியலே உண்டு. ஆட்டுக்கு ஓரணா, கன்றுக்கு இரண்டணா, மாட்டுக்கு நாலணா, எருமைக்கு எட்டணா, யானைக்கு இரண்டு ரூபாய். அபராதத்தோடு தீவனச் செலவும் கட்ட வேண்டும். ஏழு நாளில் உரியவர் வராவிட்டால் அறிவிப்பு. அதன் பிறகும் வராவிட்டால் ஏலம். பிடித்த மாட்டை 24 மணி நேரத்துக்குள் பட்டியில் சேர்க்க வேண்டும் என்பதும் சட்டம். பக்கத்து வயல்காரர் மேல் உள்ள பகையைத் தீர்க்க அவர் மாட்டை வழியிலேயே மடக்கிப் பட்டிக்கு ஓட்டுவது ஊருக்கு ஊர் நடந்த அரசியல்.

ஆனால் அலைவதற்கும் ஒரு பருவம் இருந்தது. தை, மாசியில் சம்பா அறுத்துக் களம் சேர்த்துவிட்டால் வயல் யாருக்கும் சொந்தமில்லாதது போல் கிடக்கும். அறுத்த தாளில் எல்லார் மாடும் மேயும்; ஆற்றில் தண்ணீர் வரும்வரை அந்த உரிமையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நாற்றங்கால் போட்ட மறுநாளே அதே மாடு குற்றவாளி. உம்பளச்சேரி மாடுகள் இப்படி வளர்ந்தவை. சேற்றில் ஏர் இழுப்பதற்கென்றே பேர் வாங்கிய இனம். கன்று செவலையாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும்.

அறுப்புக்கும் நாற்றங்காலுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியை மெல்ல மெல்ல அடைத்துவிட்டார்கள். பம்புசெட் வந்த ஊர்களில் கோடையிலும் நெல், பருத்தி. மற்ற இடங்களில், அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறார்கள். அப்புறம் மாட்டுக்கு ஏது இடம்? மாட்டுக்கும் வேலை இல்லை. உழ டிராக்டர், அறுக்க மெஷின், வைக்கோலைச் சுருட்டக்கூட மெஷின். கறவைக்குக் கலப்பினப் பசு கொட்டிலில் நிற்கிறது. காளைக்கன்று ஈன்றால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.

ஊர்ப் பட்டிகள் பல ஊர்களில் குட்டிச்சுவராக நிற்கின்றன. பட்டி மாடு மட்டும் இடம் மாறிவிட்டது. அடைக்கப் பட்டியும் மேயத் தரிசும் இல்லாத மாடு பேருந்து நிலையத்திலும் நெடுஞ்சாலை நடுவிலும் படுக்கிறது. கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனைத் தண்டித்து மனுநீதிச் சோழன் நீதி செலுத்திய கதை திருவாரூருடையது. கன்று ஏன் ராஜவீதிக்கு வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள். சென்னை மாநகராட்சி 2024-இல் தெருவில் பிடிபடும் மாட்டுக்கு முதல் முறை அபராதத்தைப் பத்தாயிரமாக்கியது. நாலணா எங்கே, இது எங்கே!

நெறியோடு அலைகிறவர்கள் இன்னமும் வருகிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுமந்தையோடு அறுவடை முடிந்த வயல்களைத் தேடிப் படுகைக்கு இறங்குகிறார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் கிடை. ஒரே வயலில் நாலைந்து இரவு போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த பட்டத்துக்கு உரம். குட்டிகளை மூங்கில் கூட்டுக்குள் கவிழ்த்துவிட்டு, மந்தையைச் சுற்றி நைலான் வலை கட்டுகிறார்கள். வயல்காரருக்கும் கீதாரிக்கும் பேச்சுவார்த்தை இப்போது செல்போனில். ஒரு இரவுக்கு எவ்வளவு என்பது சீக்கிரம் முடிந்துவிடும். இழுபறியெல்லாம் பக்கத்து உளுந்து வயலைப் பற்றித்தான்: ஆடு அதில் வாய் வைத்தால் நஷ்டம் யார் தலையில் என்று.