பள்ளிக் கணினியில் மாணவர் விவரங்கள்

உதவித்தொகைக்காக நாம் தயாரிக்கும் எக்செல் கோப்பில் மாணவரின் பிறந்த தேதி, சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் இருக்கும். விவரங்களைப் பதிவேற்றியதும் வேலை முடிந்ததென எழுந்துவிடுகிறோம். கோப்பு டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். 18 வயது நிறையாதவரைக் குழந்தை எனக் கூறும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவாகக் கேட்கிறது. நாம் அவ்வளவு யோசிப்பதில்லை.

எங்கள் பள்ளியில் ஒரே மடிக்கணினியைப் பலர் பயன்படுத்துகிறோம். இத்தகைய கணினியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்டிரைவ். விண்டோஸ் 11-இல் ஓர் ஆசிரியர் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 'பேக்அப்' இயங்கினால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளும் அவரது இணையச் சேமிப்பகத்துக்குச் சென்றுவிடும். அவர் மாறுதலில் வேறு மாவட்டம் போனாலும் நம் மாணவர் பட்டியல் அவர் கைபேசியில் திறக்கும். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது.

திரையின் கீழே வலது ஓரத்தில் மேகக் குறி இருந்தால் அதைச் சொடுக்கி, செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்அப்' சென்று மூன்றையும் அணைக்கலாம். அதற்கு முன் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அணைத்தபின் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்து பலர் பதறுவதுண்டு. இணையத்தில் ஏற்கெனவே சேர்ந்தவற்றைக் கணக்குக்கு உரியவரே நீக்க வேண்டும். நீக்கியவையும் அங்குள்ள குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை இருக்கும் என்பதால் அதையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

நிரந்தரத் தீர்வு, ஆளுக்கொரு பயனர் கணக்கு. 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் 'அதர் யூசர்ஸ்' வழியே கடவுச்சொல்லுடன் உருவாக்கலாம். நிர்வாகி உரிமை தலைமையாசிரியரிடம் மட்டும் இருந்தால் ஒருவர் கோப்பை மற்ற ஆசிரியர் திறக்க முடியாது. 'பிரைவசி' பக்கத்தில் விளம்பர அடையாளத்தையும் கூடுதல் டயக்னாஸ்டிக் தரவையும் அணைத்துவிடலாம். அடிப்படைத் தரவு எப்படியும் மைக்ரோசாஃப்டுக்குப் போகும்.

கைபேசிக்கு வருவோம். பெற்றோர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதார் படம் நம் கேலரியில் சேர்கிறது. வாட்ஸ்அப் கோப்புறைக்கும் கூகுள் போட்டோஸ் பேக்அப் இயங்கினால் நம் சொந்தக் கணக்கிலும் ஏறிவிடும். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்போர் வாட்ஸ்அப்பின் 'சாட்ஸ்' அமைப்பில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்தால் இனி வரும் படங்கள் கேலரிக்குப் போகாது. ஏற்கெனவே சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக அழிக்கத்தான் வேண்டும்.