பால் பாக்கெட்டில் கார்பன் கணக்கு: சின்ன எண்ணை நம்பலாமா?

ஒரு லிட்டர் பாலுக்கு 1 கிலோ கார்பன் வெளியேற்றம் என்கிறது ஒரு நிறுவனம். 2 கிலோ என்கிறது இன்னொன்று என வைத்துக்கொள்வோம். முதல் பால்தான் பூமிக்கு நல்லதா? அவசரப்படாதீங்க.

இரண்டுமே ‘வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு’தான். ஆனால் முதல் கணக்கு பண்ணை வாசலோடு நின்றிருக்கலாம். இரண்டாவது குளிரூட்டல், பாக்கெட், லாரி வரை போயிருக்கலாம். மாடு விடும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும். 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு.

ஒப்பிட்டு விளம்பரம் செய்ய, வெளி நிபுணர் தலைமையிலான குழுவின் சரிபார்ப்பைக் கேட்கிறது ஐஎஸ்ஓ 14044 தரநிலை. “எதுவரை கணக்குப் போட்டீங்க?” என்று நாமும் கேட்கணும். இல்லாவிட்டால், முழுக் கணக்கு காட்டியவர்தான் சந்தையில் தோற்பார்.