குழியை மூடுவதற்கு முன் கடிதம் எழுதுங்கள்

குடியிருப்பு கட்டி முடித்து மூன்று மழை பார்த்திருக்கும். கேட்டிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை போட்ட சிமென்ட் தளத்தில், சக்கரம் ஏறும் இடத்தில் ஒரு குழி விழும். சங்கச் செயலாளர் வீட்டுக்கு ஐநூறு ரூபாய் வசூலிப்பார். "ரெண்டு சட்டி கலவை போட்டா சரியாப் போயிடும் சார்" என்பார் கொத்தனார். பதினைந்தே நாளில் அந்தப் பூச்சு காய்ந்த வடாம் போல் ஏடு ஏடாகக் கிளம்பி வரும். மறுபடி வசூல், மறுபடி கலவை. குடியிருப்புக்குக் குடியிருப்பு இதையே பார்த்துச் சலித்துவிட்டது.

அந்தச் செலவு உங்களுடையதே அல்ல. ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், 2016, பிரிவு 14(3)-ஐப் படியுங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலையின் தரத்திலோ குறை தெரிந்து அதைச் சொன்னால், 30 நாளுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். பலர் பத்திரப் பதிவு நாளிலிருந்து கணக்கு வைக்கிறார்கள். அது தவறு. சாவி கொடுத்த நாளின் ஒப்படைப்புக் கடிதத்தைத் தேடி எடுங்கள்.

எனவே கொத்தனாரைக் கூப்பிடுமுன் படம் எடுங்கள். குழிக்குள் ஸ்கேலை நிறுத்தி ஆழம் தெரிய ஒன்று, தளம் முழுவதும் தெரிய ஒன்று. பிறகு கட்டுநருக்குக் கடிதம். ஒப்படைத்த தேதி, குறை, அது இருக்கும் இடம், பிரிவு 14(3), 30 நாள் கெடு எல்லாம் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை வாங்கிக் கோப்பில் வையுங்கள். மூடிய பிறகு கடிதம் எழுதினால், எங்கே குழி என்று கேட்பார்கள்.

முப்பது நாள் கழிந்தும் ஆள் வரவில்லையா? தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் படிவம் 'எம்' கொடுங்கள். இழப்பீடு கேட்பதானால் தீர்ப்பு அலுவலரிடம் படிவம் 'என்'. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வீடு வாங்கியோரின் சங்கமே புகார் தரலாம். ஒவ்வொருவராகப் போக வேண்டியதில்லை. ஆணையத்தில் பதிவாகாத சின்னக் குடியிருப்பு என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்தில், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலத்தில். அங்கே 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எந்த அலுவலகத்திலும் "பேசி முடிச்சுக்கோங்க" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். மனுவைப் பெற்றதற்கு எண்ணும் தேதியும் கேளுங்கள். எனக்கு அப்படிச் சொன்ன ஓர் எழுத்தர், எண் கேட்ட பிறகுதான் மனுவைக் கையில் வாங்கினார்.

ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் செலவு உங்களுடையது. அப்போதாவது ஒழுங்காகச் செய்யுங்கள். முதலில் குழியைச் சுற்றி இரும்புக் கம்பியால் தட்டிப் பாருங்கள். 'டொம்' என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் மண் அரித்துப் போயிருக்கலாம். தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ கசியலாம். அதை அடைக்காமல் மேலே எத்தனை மூட்டை கொட்டினாலும் வீண். கெட்டியாகக் கேட்டால், ஓரங்களைச் சதுரமாக, செங்குத்தாக வெட்டுங்கள். ஓரத்தில் மெலிந்து முடியும் பூச்சு நிற்கவே நிற்காது. ஓர் அங்குலத்துக்குக் குறைவில்லாத ஆழம் வேண்டும். தூசியைக் கழுவி, தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். சிமென்ட் பாலைத் தடவி, அது உலர்வதற்குள் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஒன்றரை மணல், மூன்று சிறுஜல்லி என்ற கலவையைத் திணித்து மட்டம் பாருங்கள். கலவையில் தண்ணீரைக் குறையுங்கள். "இளக்கமா இருந்தாத்தான் சார் ஓடும்" என்பார்கள், விடாதீர்கள். ஈரச்சாக்கு போட்டு 10 நாள் நனைத்துக்கொண்டே இருங்கள். பத்து நாள். அதுவரை கார் ஏறக் கூடாது.

குழி, தண்ணீர்த் தொட்டி அல்லது கழிவுநீர்த் தொட்டியின் மூடுபலகை மேல் விழுந்திருந்தால் மேற்சொன்ன எதையும் செய்யாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதித் தரும்வரை கயிறு கட்டித் தடுத்து, தண்ணீர் லாரியை வெளியிலேயே நிறுத்துங்கள்.