உப்போடு ஒரு குடித்தனம்

வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். வெயிலில் உற்றுப் பார்த்தால் இலைமேல் உப்புப் பொடி பூத்திருப்பதும் தெரியும். ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில், பிராமணியும் பைதரணியும் கடல் சேரும் கழிமுகத்தில் 145 சதுர கிலோமீட்டருக்கு விரிந்திருக்கும் பிதர்கனிகா தேசியப் பூங்காவை அறிய இந்தக் கரிப்பிலிருந்து தொடங்குவதே சரி என்பேன்.

உப்பு மரத்துக்கு ஆகாது. ஆனால் தினம் இருமுறை ஓதம் ஏறும் இந்த அலையாத்திக் காட்டில் வேறு தண்ணீருக்கு எங்கே போவது? வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது. சுரபுன்னைக்கு அந்த வம்பே வேண்டாம்; பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடும். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லையும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அடுத்த பாடு மூச்சு. சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வெண்கண்டலின் மூச்சுவேர்கள் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் மேல்நோக்கி முளைக்கின்றன. சுரபுன்னையோ வேர்களைப் பந்தக்கால்போல் ஊன்றி நிற்கிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போலத் தொங்கிவிட்டுத்தான் கீழே விழும்.

உப்புக்கு வழி தேடியவை மரங்கள் மட்டுமல்ல. ஒடியா மக்கள் 'பௌலா கும்பீரா' என்று அழைக்கும் உவர்நீர் முதலைக்கு நாக்கிலேயே உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. முதலைக் கண்ணீர் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் கண்வழியே உப்பை விடுவது பக்கத்திலுள்ள கஹிர்மாதா கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைதான்!

தோலுக்காக வேட்டையாடப்பட்டு, 1975-இல் இங்கே நூற்றுக்கும் குறைவான முதலைகளே மிஞ்சியிருந்தன. அவ்வாண்டு பூங்காவிலுள்ள தாங்மாலில் தொடங்கிய திட்டத்தில் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். இன்று 1,700-ஐத் தாண்டிவிட்டன. கரையோரக் கிராமங்களில் குளிக்கும் துறையைச் சுற்றி வேலி போட வேண்டிய நிலை வந்திருக்கிறது. முதலை மீண்ட கதையைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வேலியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மே முதல் ஜூலை வரை பூங்கா பயணிகளுக்கு மூடப்படுகிறது. முதலைகள் முட்டையிடும் காலம் அது. தாய் முதலை இலைதழைகளையும் மண்ணையும் கூட்டி மேடு கட்டி, உள்ளே ஐம்பது முட்டைவரை இடும். மட்கும் தழையின் சூடுதான் அடைகாக்கும். குட்டி ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே முடிவு செய்யும். வெள்ளம் மேட்டை மூழ்கடித்தால் எல்லாம் வீண். தப்பினால், ஏறத்தாழ எண்பது நாளில் முட்டைக்குள்ளிருந்தே குட்டிகள் குரல் கொடுக்கும். அதுவரை காவல் கிடந்த தாய் மேட்டைக் கிளறி, குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்கு இறங்கும்.