கூடு எங்கே என்று மட்டும் சொல்லாதீர்கள்

பிப்ரவரி பிறந்தால் போதும், கேமரா வைத்திருப்பவர்களின் கைப்பேசியில் ஒரே மாதிரிப் படங்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். வரிசை பிடித்து நிற்கும் பால்மரங்கள், செம்பு நிறத்தில் இலைகள், தரை தெரியாதபடி சருகு. ரந்தாவ், லிங்கி, தம்பின், பகாவ் என்று நெகிரி செம்பிலானில் ரப்பர் இன்னும் மிச்சமிருக்கிற பக்கமெல்லாம் கார்கள் ஓரங்கட்டி நிற்கும். 'இலையுதிர் காலம் பார்க்க ஜப்பான் போக வேண்டாம்' என்று யாராவது ஒருவர் தவறாமல் எழுதியிருப்பார்.

ஜப்பானை இழுக்காமலே இந்தக் காட்சிக்கு நல்ல கதை உண்டு. அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் இது. வறண்ட மாதங்களில் பழைய இலையைக் கழற்றிவிட்டுத் துளிர்க்கும். ரகத்துக்கு ரகம் வாரக்கணக்கில் முன்பின்னாகும். அதனால்தான் ஒரு காடு சிவந்து கிடக்க, பக்கத்துக் காடு பச்சையாகவே நிற்கிறது. மழை விடாத ஆண்டில் மரம் அரைகுறையாக உதிர்க்கும், நிறமும் எடுப்பாக வராது. போதாக்குறைக்கு, பூசண நோய் கண்டாலும் இலை கொட்டும். படத்தோடு தேதியும் இடமும் இருந்தால்தான் எது பருவம், எது நோய் என்று பின்னால் பார்க்கிறவருக்கு விளங்கும்.

ரந்தாவ் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில், காலையில் எடுத்த படங்களைக் கேமராத் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. எலை கொட்டுனா ஒங்களுக்குப் படம். எங்களுக்கு அந்த மாசம் பாலு கொறைஞ்சிரும், சம்பளமும் கொறைஞ்சிரும்" என்றார். உண்மைதான். இலை உதிர்ந்து துளிர்க்கும் வாரங்களில் பால் வரத்து குறையும், சில இடங்களில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். அந்தச் செம்பு நிறத்தைக் காட்டிய படங்களில் நான் பார்த்த எதுவும் இதைச் சொன்னதில்லை. ஒரு வரி சேர்த்தால் படத்தின் அழகு ஒன்றும் கெட்டுவிடாது.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை (1912–1996) இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிடைத்த பாகங்களைக் கொண்டு தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தவர். 1950 முதல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். அவருக்குப் படம் வேறு, குறிப்பு வேறு அல்ல. விலங்கு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பது படத்தோடு வந்தாக வேண்டும். இன்று ஒரே விநாடியில் இருபது படம் எடுக்கிற கேமரா நம் கையில் இருக்கிறது. கூடவே எழுதும் குறிப்போ பெரும்பாலும் 'இனிய காலை வணக்கம்'.

கேமரா நண்பர்கள் ஒருவருக்கொருவர் தாராளமாகக் கொடுக்க வேண்டியது தொழில்நுட்பத்தைத்தான். வெளுத்த வானத்தை முதுகில் வைத்துப் பறக்கும் பருந்தை எடுத்தால் கரிக்கட்டையாகத்தான் வரும், ஒளியளவை ஒரு படி கூட்டி வை என்று மூத்தவர் ஒருவர் சொன்னால், புதிதாக வந்தவருக்கு ஒரு நாள் மிச்சம். விடியுமுன் வெட்டுக்குப் போகிறவர்களின் தலைவிளக்கு வெளிச்சத்தில் படம் எடுப்பவருக்கும் இதே உதவி தேவை. ஆனால் அங்கே முதல் வேலை அனுமதி கேட்பது. அந்த நேரம் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறுவதற்குள் அத்தனை மரத்தையும் முடிக்க வேண்டியவரை நிறுத்தி, "அண்ணே, கொஞ்சம் திரும்புங்க" என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்த பிறகு ஒரு பிரதியை அவர் கையில் கொடுப்பதுதான் முறை. முகநூலில் ஆயிரம் பேர் பார்த்த படத்தை, படத்தில் இருப்பவர் பார்க்காமல் போவது என்ன நியாயம்?

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் கதை வேறு. சீரான வரிசை, மங்கிய வெளிச்சம், எடுக்க என்ன இருக்கிறது என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்தி சாயும்வரை காத்திருந்தால் கூகை என்ற ஆந்தை வரும். 1960களின் கடைசிவரை தீபகற்பத்தில் அரிதாக இருந்த பறவை அது. செம்பனை பரவ, பழத்தைத் தின்னும் எலி பெருக, கூகையும் பெருகியது. மருந்து வைத்து எலியைக் கொல்வதைவிட இது மேல் என்று கண்ட தோட்டங்கள், கம்பம் நட்டு மரப்பெட்டி பொருத்தின. கம்பத்தடியில் குனிந்து பார்த்தால் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். காய்ந்த ஒன்றைக் குச்சியால் பிரித்தால் மயிரும் எலும்பும், சில சமயம் முழு எலி மண்டையோடும் வரும். கூகை கக்கியது அது. மேலே குஞ்சு இருந்தால் 'உஸ்ஸ்' என்று குறட்டைபோல ஓர் இரைச்சல் கேட்கும். ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்று லயத்தில் வளர்ந்த நமக்கு இந்தப் பறவையைப் பற்றி நியாயமான படம் ஒன்றை எடுத்துக் காட்டும் கடன் இருக்கிறது.

சிக்கலும் அங்கேதான். பெட்டிக்குள் படம் வேண்டும் என்று ஏணி வைத்து ஏறுகிறார்கள், இருட்டில் கண்ணுக்கு நேராக மின்னொளி அடிக்கிறார்கள். ஒருவர் படம் போட்டதும் இடத்தைக் கேட்டு அடுத்த வாரமே பத்துப் பேர் போய் நிற்கிறார்கள். தொல்லை தாங்காமல் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடலாம்.

கூகைக்காவது விலை இல்லை. மலாய்க்காரர்கள் பாராவ்-பாராவ் என்று சொல்லும் வைக்கோல் நிறத் தலைச் சின்னானுக்கு இனிமையான குரலே எமன். கூண்டுப் பறவைச் சந்தைக்காகப் பிடித்துப் பிடித்து, 2018இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. இப்படிப்பட்ட பறவையின் படத்தோடு ஆற்றங்கரையின் பெயரையும் போடுவது, பிடிக்கிறவனுக்கு வழி காட்டுவதுதான். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கக்கூடும். அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள். நெருங்கிய நண்பரே கேட்டாலும் மாவட்டம் வரை சொன்னால் போதும். அதற்காகக் கோபித்துக்கொள்கிற நண்பர் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒளிக்க எதுவுமே இல்லாத இடமும் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் தஞ்சோங் துவான். மூன்று பக்கமும் கடல், நிலப்பக்கம் நெகிரி செம்பிலான், ஆனால் அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். கலங்கரை விளக்கம் நிற்கும் குன்றுக்கு எதிரே சுமார் 38 கிலோமீட்டரில் சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவு. குளிர்காலத்தை இந்தோனேசியாவில் கழித்த தேன் பருந்துகள் வடக்கே திரும்பும்போது இந்தக் குறுகலில்தான் கடலைத் தாண்டுகின்றன. கடலுக்கு மேல் வெப்பக்காற்று மேலெழும்பாது. சிறகடித்துக் களைத்து, தாழப் பறந்து கரை சேரும். காட்டின் மேல் வெப்பக்காற்று கிடைத்ததும் வட்டமிட்டு ஏறிப் போய்விடும். அந்தச் சில நிமிடந்தான் கேமராவுக்கு.

அங்கே ஒருவர் எடுத்த படம் பலருக்குப் பாடம். தேன் பருந்து பல நிறத்தில் வரும், வேறு கழுகுபோலவே ஏமாற்றும். படத்தைப் பெரிதாக்கிச் சிறகு நுனியில் விரல்போல் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால் தேன் பருந்தாக இருக்கலாம், ஐந்துதான் என்றால் வேறு பறவை. வளர்ந்த ஆணின் கண் கருமை, பெண்ணுடையது மஞ்சள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003 முதல் இந்தப் பருந்துகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பின்தொடர்ந்து, ஜப்பானிலிருந்து மலாயா தீபகற்பம் வழியாக அவை இந்தோனேசியாவரை போய்வருவதைக் காட்டினார்கள். இலையுதிர் காலத்துக்காக ஜப்பானை நினைத்தவர்கள் இதற்காக நினைக்கலாம்.

1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது. முற்பகலிலிருந்து பிற்பகல்வரை நல்ல நேரம். வெயில் சுள்ளென்று அடிக்கும், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட லென்ஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம், ஒரு தொலைநோக்கி போதும். பக்கத்தில் நிற்பவர் தன் திரையைக் காட்டுவார். தோட்டத்துப் பிள்ளைகளையும் பாட்டிமார்களையும் கூட்டி வாருங்கள்.