புறவாசல் கதவைத் திறக்கிறேன், சத்தம் போடாதீங்க!

முன்வாசலில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, "நல்ல தோட்டம்" என்று சொல்லிப் போகிறார்களே, அவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கல்யாண வீட்டுக்கு வந்து, பந்தலைப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டை எட்டிப் பார்க்காமலே போகிற ஆட்கள்! நீங்க வாங்க, அடுக்களை வழியாகப் போகலாம். காலைப் பார்த்து வையுங்கள். கச்சோலத்தின் இலைகள் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும்.

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. பின்னால் ஒரு சக்கை மரம் (பலாதான்), ஒரு மாமரம். இரண்டும் கன்றாக இருந்த காலத்தில் இங்கே ரோஜா இருந்தது, பிச்சி இருந்தது, கத்தரிக்காய்கூடக் காய்த்தது. மரங்கள் வளர வளர வெயில் சுருங்கியது. வெயில் கேட்டவையெல்லாம் ஒவ்வொன்றாக மொட்டை மாடிக்குக் குடிபோயின. அப்புறம்தான் உண்மையான கூத்து ஆரம்பம்.

இந்தக் கொடியைப் பாருங்கள். சக்கை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போகிறதே, இது கரிமுண்டா மிளகு. 1971-ல் வந்த பன்னியூர்-1 விளைச்சலில் பெரிய புள்ளிதான், ஆனால் அடர்ந்த நிழலில் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளும். கரிமுண்டா நிழலுக்கு அஞ்சாது. மழைக்காலத்தில் சரம் சரமாகத் தொங்கும் பூக்களுக்கு வண்டு வேண்டாம், தேனீ வேண்டாம். மழைத்துளியே சரத்தில் வழிந்து மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோய்ச் சேர்க்கும். மழையில் குடை பிடித்துக்கொண்டு இதைப் பார்க்க நிற்பவளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்காதீர்கள். அதோ அந்தத் தொட்டியில் குட்டையாகப் புதராக நிற்பதும் அதே மிளகுதான். கொடியின் பக்கக் கிளையை வெட்டி நட்டால் அது ஏறவே ஏறாது, நின்ற இடத்திலேயே காய்க்கும். அடுத்த வீட்டில் இன்னும் நம்பவில்லை!

மாமரத்தில் முறம் அளவு இலை விட்டிருப்பது யார் தெரிகிறதா? வரவேற்பறைப் பாட்டிலில் விரல் நீளத்துக்கு இலை விடும் அதே மணி பிளாண்ட். ஏற ஒரு மரம் கிடைத்தால் போதும், இலை பெருத்து ஓரமெல்லாம் கிழிந்து ஆளே மாறிவிடும். பசிபிக் கடலில் தாஹித்திக்குப் பக்கத்து மோரியா தீவில் பிறந்த செடி. பூக்கத் தேவையான ஜிப்பரெலின் ஹார்மோனைச் சரியாகச் சுரக்க விடாத ஒரு மரபணுக் குறை இதற்கு உண்டு. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல்.

இஞ்சி, மஞ்சள், வெற்றிலை எல்லாம் நீங்கள் பார்த்தவைதான், நகருங்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் வாய்க்காலில் சேம்பு. நட்டது யாரென்று யாருக்கும் தெரியாது.

தெற்கு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வானம் தெரிகிறதல்லவா? மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது வெயில் கிளைகளுக்கு அடியில் நுழைந்து உள்ளே வரும். அந்த இடம் கனகாம்பரத்துக்கு. தோவாளைச் சந்தையில் குவிந்து கிடக்கும் பூவை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதன் வேடிக்கை விதையில் இருக்கிறது. காய்ந்த கதிரில் தண்ணீர் தெளித்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பட், பட், பட்! காய் வெடித்து விதைகள் முகத்திலேயே வந்து விழும். லீவுக்கு வரும் பிள்ளைகளுக்கு டிவி தேவைப்படுவதில்லை. எனக்கும்தான்.

கடைசியாக, இந்த வீட்டின் பெரிய ரௌடி. இடுப்புயரத் தண்டும் மேலே விரித்த குடையுமாக நிற்கும் சேனையை நான் ரொம்ப நாள் சின்ன மரம் என்றே நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டிதான், "மரமா? ஒத்த எலையாக்கும் மக்ளே!" என்று சிரித்தார். தண்டாகத் தெரிவது இலைக்காம்பு, குடை முழுவதும் ஒரே இலை. அந்த இலை வருவதற்கு முன்னால், முற்றிய கிழங்காக இருந்தால், மண்ணிலிருந்து நேராகப் பூ வரும். கருஞ்சிவப்பில், சுருக்கம் விழுந்து, தலையளவு பெரிதாக. ஈயையும் வண்டையும் வரவழைக்க அழுகின மாமிச நாற்றம் விடும், அதுவும் விரிந்த முதல் ராத்திரி சொல்லவே வேண்டாம். போன தடவை எங்கள் வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு அலமாரிக்கு அடியிலெல்லாம் செத்த எலியைத் தேடினார். நான் வாயைத் திறக்கவில்லை.

இங்கே, சருகை விலக்குங்கள். கூர்மையாக ஒரு முளை தெரிகிறதா? இலை முளை இவ்வளவு தடிமனாக வராது. அவரிடம் சொல்லிவிடாதீங்க!